பழைய கார், சோளகக் காற்று, ஒரு சட்டி கூழ்: வன்னிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு நாள் பயண வழிகாட்டி

வன்னிக்கு மாற்றலாகி வரும் ஆசிரியர்கள், வங்கியில் வேலை செய்பவர்கள், வெளிநாட்டில் இருந்து பிள்ளைகளோடு ஊர் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "ஞாயிற்றுக்கிழமையில இஞ்ச எங்க போறது?" அவர்களுக்கு ஏ-9 வீதி தெரியும். அது யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் போகிற பாதை என்று மட்டும் தெரியும். அந்த வீதியின் கிழக்கே ஒன்றரை மணித்தியாலத்தில் முல்லைத்தீவுக் கடலும், மேற்கே பூநகரி, நாச்சிக்குடாக் கரைகளும், நடுவிலே குளங்களும் காடும் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது.

எங்கள் வீடு கிளிநொச்சியில். முற்றத்தில் ஒரு மொரிஸ் மைனர் நிற்கிறது. அப்பா ஓடிய கார், இப்போது நான் ஓடுகிறேன். மாதத்தில் ஒரு தரமாவது அதில் குடும்பத்தோடும் அயலவரோடும் கடலுக்குப் போய் வருகிறோம். அந்தப் பழக்கத்தில் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். உங்களிடம் இருப்பது ஒஸ்ரினோ, பேஜோவோ, அல்லது புது வானோ என்றாலும் கார் பற்றிய பகுதியைத் தவிர மற்றதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும்.

தொடங்குவதற்கு முன் ஒன்றை மனதில் வையுங்கள். எந்தக் கரைக்குப் போவது, எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது, எப்போது திரும்புவது என்ற மூன்றையும் நமது வசதியைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. காற்றையும் காரையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். நான் பார்த்த கெட்ட பயணங்கள் எல்லாம் பத்து மணிக்கு வெளிக்கிட்ட பயணங்கள்தான்.

முதலில் காற்றைப் பார்த்துக் கரையைத் தெரிவு செய்யுங்கள்

வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் வீசும். இது தென்மேற்கில் இருந்து வரும் காற்று. கார்த்திகையில் வாடை பிடிக்கும், மாசி வரை நிற்கும். அது வடகிழக்கில் இருந்து வரும். இந்த இரண்டையும் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

சோளக காலத்தில் முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய் உள்ள கிழக்குக் கரை அமைதியாக இருக்கும், ஏனென்றால் காற்று தரையில் இருந்து கடலுக்குப் போகிறது. அதே நாட்களில் மேற்குக் கரையில் காற்று நேரே கடலில் இருந்து வந்து அடிக்கும். வாடை காலத்தில் கிழக்குக் கரையில் அலை உயர்ந்து நிற்கும். கார்த்திகை, மார்கழியில் மழையும் புயலும் சேரும். அந்த இரண்டு மாதமும் கடல் வேண்டாம், இரணைமடுக் குளக்கட்டுக்குப் போய் வான் பாய்வதை, அதாவது குளம் நிரம்பி மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடுவதைப் பாருங்கள். மழை விட்ட பிறகு மாசி, பங்குனியில் பூநகரிப் பக்கம், வலைப்பாடு, நாச்சிக்குடா நல்லது. சித்திரையில் இருந்து கிழக்கு. கடற்றொழிலாளரும் இப்படித்தான் இடம் மாறுகிறார்கள். பருவத்துக்கு நீர்கொழும்பு, சிலாபம் பக்கம் இருந்து வந்து கொக்கிளாய், நாயாற்றுக் கரையில் வாடி (தற்காலிகக் குடில்) போட்டுத் தங்கித் தொழில் செய்கிறவர்கள் உண்டு.

இதில் ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. இதை மட்டும் இரண்டு தரம் வாசியுங்கள். சோளகத்தில் முல்லைத்தீவுக் கடல் கரையோரம் குளம் போலக் கிடக்கும். அதைப் பார்த்து, பிள்ளைகள் விளையாடட்டும் என்று கார் ரியூப்பைக் காற்றடித்துத் தண்ணீரில் விடுகிறார்கள். காற்று தரையில் இருந்து கடலை நோக்கி வீசுகிறது. ரியூப்பும் அதில் இருக்கிற பிள்ளையும் அதே திசையில் போகும். நீந்தி எட்டிப்பிடிக்க முடியாது. சிலாவத்தைக் கரையில் ஒரு முதிய தொழிலாளி, நான் மகளுக்காக ரியூப்பை இறக்கிய அன்று, வலையைக் கீழே வைத்துவிட்டு எழும்பி வந்து சொன்னார்: "தம்பி, போறதுக்குக் காத்துக் காணும். வாறதுக்கு ஆரைக் கேக்கிறது?" அன்று முதல் எங்கள் ரியூப் ரயருக்குள்தான் இருக்கிறது.

காரைத் தயார் செய்வது: முதல்நாள் பின்னேரம்

பழைய காரைக் காலமை எழும்பிப் பார்க்கக்கூடாது. முதல்நாள் பின்னேரம், வெளிச்சம் இருக்கும்போது பாருங்கள். ஏதும் குறை தெரிந்தால் கராஜ் பூட்டுவதற்கு முன் ஓடிப்போகலாம்.

மொரிஸ் மைனரில் முதலில் பார்க்க வேண்டியது முன்சில்லுகளின் ஆணிமுட்டு, அதாவது சில்லைத் தாங்கித் திரும்ப விடும் ரன்னியன். ஒவ்வொரு பக்கமும் மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழே இருப்பது புரியால் பொருந்தி நிற்கிறது. கிறீஸ் காய்ந்து புரி தேய்ந்தால் ஒருநாள் அது கழன்று, சில்லு உள்ளே மடிந்து, கார் மூக்கைத் தரையில் ஊன்றிவிடும். மெதுவாகத் திரும்பும்போது நடந்தால் தப்பினோம், ஓட்டத்தில் நடந்தால் தப்புவது கடினம். ஆகவே ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கும் முன் கிறீஸ் அடியுங்கள். அடிக்கும்போது முன்பக்கத்தை ஜக்கில் தூக்கிச் சில்லைத் தொங்கவிட வேண்டும், பாரம் இருக்கும்போது கிறீஸ் உள்ளே போகாது. பழைய கறுத்த கிறீஸ் ஓரத்தால் பிதுங்கி வந்து, அதன் பின்னால் புதுக் கிறீஸின் நிறம் தெரியும் வரைக்கும் அடியுங்கள். பிறகு சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். "டக்" என்று ஒரு சத்தம் கேட்டால் அந்தப் பயணம் அடுத்த ஞாயிறுக்கு.

இரண்டாவது, பிரேக் ஒயில். இந்தக் காரில் பிரேக்கின் பிரதான சிலிண்டர் எஞ்சின் பக்கம் இல்லை. ஓடுகிறவரின் காலுக்குக் கீழே, தரையின் அடியில் இருக்கிறது. கம்பளத்தை விலக்கினால் ஒரு சின்ன மூடி இருக்கும், அதைத் திறந்துதான் பார்க்க வேண்டும். கண்ணில் படாத இடம் என்பதால் பலர் வருடக்கணக்காகப் பார்ப்பதில்லை. நான்கு சில்லுக்கும் ட்ரம் பிரேக்தான். தண்ணீர் ஓடும் இடத்தைக் கடந்தால் நனைந்து பிடிக்காது. கடந்தபின் மெதுவாக ஓடிக்கொண்டே பெடலை இலேசாக அழுத்திச் சூடாக்கிக் காயவிடுங்கள்.

மூன்றாவது பற்றரி. புதிதாகப் பழைய கார் வாங்கியவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். டைனமோ உள்ள மைனரிலும் அந்தக் காலத்து ஒஸ்ரின் ஏ-40 இலும் பற்றரியின் நேர்முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய கார்களில் எதிர்முனை. ஒரு தரம் ஒரு கடையில் புதுப் பற்றரி போட்டபோது, அங்கே வேலை செய்த பையன் இன்றைய வழக்கப்படி மாற்றிப் பூட்டிவிட்டான். டைனமோவும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் கெட்டு, இரண்டு கிழமை கார் முற்றத்தில் நின்றது. சில கார்களைப் பின்னாளில் எதிர்முனைக்கு மாற்றியும் இருப்பார்கள். ஆகவே உங்கள் காரில் எது என்று விசாரித்து, வெள்ளைப் பெயின்ரால் பற்றரிப் பெட்டியின் ஓரத்தில் எழுதி வையுங்கள். இன்னொரு வாகனத்தில் இருந்து வயர் போட்டு ஸ்ரார்ட் பண்ணும்போதும் இதையே பாருங்கள்.

வன்னியில் பழைய கார் வாங்குகிறவர் விற்பவரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியும் இருக்கிறது: "மண்ணெண்ணெயில் ஓடினதோ?" 1990 க்குப் பிறகு வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட காலத்தில், இந்த ஏ-40 களும் மைனர்களும்தான் ஊரைச் சுமந்தன. சின்னப் போத்தலில் இருந்து சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடினார்கள். நோயாளியும் பிள்ளைப்பேற்றுக்காரியும் கலியாணப் பெண்ணும் பிரேதமும் அதில்தான் போயின. அந்த ஓட்டத்தை நான் மதிக்கிறேன். ஆனால் எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும், பெயாரிங்குகளைத் தின்னும். அப்படி ஓடிய கார் என்றால் எஞ்சினைத் திறந்து பார்த்த பிறகு விலை பேசுங்கள். உதிரிப்பாகத்துக்குப் பயப்பட வேண்டாம். மைனருக்கான பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டிருக்கின்றன.

மற்றவை சுருக்கமாக: ரேடியேற்றர் தண்ணீர், விசிறிப் பட்டி, ஒயில் மட்டம், ஐந்து ரயரின் காற்று (ஸ்பெயாரையும் சேர்த்துத்தான் ஐந்து), வரிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைப் பத்திரம். காரில் போட வேண்டியவை: ஐந்து லீற்றர் தண்ணீர் இரண்டு கான், ஒரு ரியூப், ஒரு விசிறிப் பட்டி, பிளக் ஒன்று, ஸ்பானர் கட்டு, கயிறு, பழைய பருத்தித் துணி, ரோச் லைற். பலகைத் துண்டு ஒன்றும் வையுங்கள், மணலில் ஜக் புதைந்துபோகும்.

யார் யார், எதை எதை

மைனரில் நான்கு பேர் வசதியாக இருக்கலாம். சின்னப் பிள்ளை என்றால் ஐந்து. அதற்கு மேல் ஏற்றாதீர்கள். நாங்கள் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து இரண்டு வாகனத்தில் போகிறோம். ஒன்று நின்றால் மற்றது உதவும். பிள்ளைகளுக்கும் கூட்டு இருக்கும். பெற்றோல் காசைக் குடும்பங்களுக்கிடையே பிரித்துக்கொள்ளுங்கள். வரக் கூச்சப்படுகிற அயலவர் இருந்தால், "நீங்கள் ஒடியல் மா கொண்டு வாங்கோ அக்கா, மற்றது எங்கட" என்று ஒரு பொறுப்பைக் கொடுங்கள். பொறுப்பு இருக்கிற இடத்துக்கு யாரும் வருவார்கள்.

வயதானவர்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள். எங்கள் மாமிக்கு முழங்கால் நோவு. ஆனாலும் முன்னிருக்கையில் இருந்து ஒவ்வொரு சந்தியிலும் யார் வீடு எங்கே இருந்தது என்று சொல்லிக்கொண்டே வருவார். அவர் வராத பயணத்தில் பிள்ளைகளுக்கு அது வெறும் வீதி.

விளையாட்டுச் சாமான் பெரிதாக எதுவும் வேண்டாம். ஒரு கட்டுச் சீட்டு இருந்தால் பெரியவர்கள் மத்தியான வெயிலுக்கு 304 விளையாடுவார்கள். புதிதாக வந்தவர் 304 பழகிக்கொள்வது நல்லது. நான்கு பேர் சேர்ந்தால் நாளைக்கே உங்களைக் கூப்பிடுவார்கள். சிறுவர்களுக்குக் கிளித்தட்டுக் கீறக் கடற்கரை மணல் போதும்.

பாதை

கிளிநொச்சியில் இருந்து போகிறவர்களுக்கு நான் சொல்லும் வட்டம் இது: ஏ-9 வழியே தெற்கே முறிகண்டி, மாங்குளம். மாங்குளத்தில் இடப்பக்கம் திரும்பி ஏ-34 வீதியில் ஒட்டுசுட்டான், முள்ளியவளை, தண்ணீரூற்று, முல்லைத்தீவு. திரும்பும்போது ஏ-35 வீதியில் வட்டுவாகல், முள்ளிவாய்க்கால், புதுக்குடியிருப்பு, விசுவமடு, தருமபுரம், பரந்தன். எல்லாமாக 130 முதல் 140 கிலோமீற்றர் வரும். வவுனியாவில் இருந்து வருகிறவர்கள் மாங்குளத்தில் வலப்பக்கம் திரும்பினால் சரி.

காலமை ஐந்து மணிக்கு எஞ்சின் ஓட வேண்டும். சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்ப் "டிக் டிக் டிக்" என்று வேகமாக அடித்து, பிறகு மெதுவாகி நிற்கும். நின்றபின் ஸ்ரார்ட் பண்ணுங்கள். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் பெற்றோல் வரவில்லை அல்லது எங்கோ ஒழுகுகிறது. அந்தச் சத்தத்துக்கு எங்கள் பிள்ளைகள் கட்டிலில் இருந்தே எழும்பி வந்துவிடுவார்கள்.

முதல் நிறுத்தம் முறிகண்டிப் பிள்ளையார். ஏ-9 இல் ஓடுகிற பஸ், லொறி எல்லாம் அங்கே நின்றுதான் போகும். தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, திருநீறு பூசிவிட்டு, காரையும் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு சில்லின் நடுவிலும் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அந்தப் பிரேக் பிடித்துக்கொண்டு வருகிறது. பிறகு கச்சான் வாங்குங்கள். முறிகண்டிக் கச்சானைப் போல வறுபட்டது வேறெங்கும் இல்லை என்பது என் முடிவு. புதிதாக வந்தவர்களுக்கு ஒரு சொல் விளக்கம்: இங்கே நிலக்கடலையைக் கச்சான் என்போம். மட்டக்களப்புக்காரர் தரைப்பக்கம் இருந்து வரும் சூட்டுக் காற்றையும் கச்சான் என்பார்கள்.

மாங்குளத்தில் பெற்றோலை நிரப்பிவிடுங்கள். அங்கிருந்து கிழக்கே காடு. ஆனி, ஆடியில் வீதியோரம் பாலைப்பழம் விற்பார்கள். மஞ்சளாக, கடலைப் பருமனில் இருக்கும். தின்றால் உதடு இரண்டும் பால் பட்டு ஒட்டிக்கொள்ளும், நல்லெண்ணெய் தடவினால் விடும். அதை வாங்குங்கள், காட்டுக்குள் இறங்கிப் பறிக்கப் போகாதீர்கள். மிதிவெடி அகற்றும் வேலை பெருமளவு முடிந்தாலும், மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை நிற்கிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. பலகை இல்லாத இடத்திலும் ஆட்கள் நடந்து தேய்ந்த பாதையை விட்டு விலகாதீர்கள். பிள்ளைகளுக்குச் சிறுநீர் வந்தால் வீதிக்கரையே போதும்.

வேகம் 60 க்கு மேல் வேண்டாம். பின்னால் வான்காரர் ஹோர்ன் அடித்தால் ஓரமாகி விட்டுவிடுங்கள். 1961 க்கு முந்திய மைனரில் திரும்பும் சமிக்ஞைக்குப் பக்கத்தூணில் இருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளும். பார்க்க அழகு. ஆனால் இன்றைய பஸ் சாரதிக்கு அது என்னவென்றே தெரியாது, ஆகவே உங்கள் கையையும் வெளியே நீட்டுங்கள்.

வெயில் ஏறிய பிறகு கார் இடையில் நின்றால் பெரும்பாலும் காரணம் பெற்றோல் குழாயில் ஆவி அடைப்பது. பதற வேண்டாம். நிழலில் தள்ளி நிறுத்தி, பொனற்றைத் திறந்து, கொண்டுவந்த பருத்தித் துணியை நனைத்துப் பெற்றோல் பம்பிலும் குழாயிலும் சுற்றிவிட்டு அரை மணித்தியாலம் சீட்டு விளையாடுங்கள். ரேடியேற்றர் மூடியை மட்டும் சூட்டோடு திறக்காதீர்கள்.

கரையில்

எட்டு மணிக்கு முன் கடற்கரையில் நின்றால் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். கையால் இழுக்கிற இடம் என்றால் போய், "நாங்களும் பிடிக்கலாமோ ஐயா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டு கயிற்றில் இடம் விடுவார்கள். கயிறு நனைந்து கனமாக, உப்போடு கையை அறுக்கும். ஒரு துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். பின்னோக்கி நடந்து நடந்து இழுக்க வேண்டும். வலை கரையேறும்போது அதன் மடியில் மீன் துள்ளும் சத்தம் மழை விழுவது போல இருக்கும். கூழுக்கு வேண்டிய மீனையும் நண்டையும் அங்கேயே காசு கொடுத்து வாங்குங்கள். சும்மா தந்தாலும் காசு கொடுங்கள், அது அவர்களின் அன்றைய உழைப்பு.

இனிக் கூழ். ஒடியல் மா என்பது காயவைத்த பனங்கிழங்கை இடித்த மா. அதை வந்து இறங்கியவுடனேயே தண்ணீரில் ஊறப்போட்டு, மேல் தண்ணீரை ஊற்றி மாற்றிக் கயர்ப்பை எடுக்க வேண்டும். இதற்கு அவசரப்படக்கூடாது. மூன்று கல், வீட்டில் இருந்து கொண்டுவந்த விறகு, பெரிய சட்டி. தண்ணீர் கொதித்ததும் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளித் துண்டு. அவை முக்கால்வாசி வெந்ததும் நண்டு, இறால், மீன்தலை. செத்தல்மிளகாயும் மஞ்சளும் அரைத்த கூட்டைப் பழப்புளியில் கரைத்து விடுங்கள். கடைசியாக ஊறிய ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றிக் கைவிடாமல் துழாவினால் கூழ் தடித்து, "புளுக் புளுக்" என்று கொதிக்கும். முருங்கையிலையைத் தூவி இறக்குங்கள். பனையோலையில் பிளா (கூழ் குடிக்கும் ஓலைக் கிண்ணம்) கோலத் தெரிந்தவர் கூட்டத்தில் ஒருவராவது இருப்பார், இல்லாவிட்டால் சிரட்டை. முதல் சிரட்டையைப் பக்கத்தில் வலை பொத்துகிறவருக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். வன்னிக் கரையில் எனக்குக் கிடைத்த நட்புகள் எல்லாம் அந்தச் சிரட்டையில் இருந்துதான் தொடங்கின.

குளிப்பு: தொழிலாளர் இறங்கிக் குளிக்கிற இடத்தில் மட்டும், முழங்கால் அளவில் மட்டும். முல்லைத்தீவுக் கரை சில அடியிலேயே ஆழம் விழும். நாயாற்று முகத்துவாரம் வெட்டுண்டு திறந்திருக்கும்போது அந்தப் பக்கமே போகக்கூடாது, ஆற்றுநீர் ஆளைக் கடலுக்கு இழுத்துப்போகும். 2004 மார்கழி 26 இல் கடல் ஏறி வந்த கரை இது. இங்கே இருக்கிற பல வீடுகளில் ஆளை இழந்திருக்கிறார்கள். அதை நினைவில் வைத்து நடந்துகொள்ளுங்கள்.

வைகாசியில் போனால் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலோடு சேர்த்துப் போகலாம். உப்புநீரில் விளக்கெரியும் கோயில் அது. ஆனால் பொங்கல் நாளன்று பழைய காரைக் கொண்டுபோகாதீர்கள். சனத்துக்குள் முதலாம் கியரில் ஊர்ந்து எஞ்சின் கொதித்துவிடும், பஸ்ஸில் போங்கள்.

வள்ளத்தில்

பாய் விரித்துப் போக வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அப்படிப்பட்ட கடலறிவு உள்ள வடக்கில் பிள்ளைகள் மோட்டார்ச் சத்தம் மட்டும் கேட்டு வளர்வது எனக்குக் கவலை. இப்போது கடலில் ஓடுவது பெரும்பாலும் இயந்திரம் பூட்டிய பிளாஸ்ரிக் படகுகள்தான். ஆனாலும் களப்புகளில் சின்ன வள்ளத்தில் ஒரு துண்டுப் பாயைக் கட்டி ஓடத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

முதல் தரம் களப்பிலேயே போங்கள், திறந்த கடல் வேண்டாம். ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தில் முன்கூட்டியே கேட்டு, அவர்கள் சொல்லும் ஆளோடு, அவர்கள் சொல்லும் நேரத்தில் போங்கள். கடற்படையின் அனுமதி எங்கே தேவை, எந்த இடத்தில் வலை விரித்திருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். தொழிலுக்குப் போகிற வள்ளத்தை மறித்துக் கேட்காதீர்கள். பறவைகளுக்காகப் போகிறவர்களுக்குக் கொக்கிளாய்க் களப்பு, அது 1951 முதல் சரணாலயம்.

ஏறுமுன் எல்லாருக்கும் உயிர்காப்பு அங்கி. ஒன்று குறைந்தால் ஒருவர் கரையில் நிற்க வேண்டும், அதில் பேச்சுக்கு இடமில்லை. தொலைபேசியைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டுங்கள். வள்ளத்தின் நடுவில் கால் வைத்து ஏறி, உடனே கீழே இருங்கள். முன்பக்கத்தை அணியம் என்பார்கள், பின்பக்கம் கடையார். ஓட்டுகிறவர் அந்தச் சொற்களில்தான் கட்டளை சொல்வார், ஆகவே பிள்ளைகளுக்கு முதலே சொல்லிக் கொடுங்கள். பாய் பக்கம் மாறும்போது தலையைக் குனிய வேண்டும். பாய்க்கயிற்றைப் பிடிக்கத் தந்தால் உள்ளங்கையில் பிடியுங்கள், கையில் சுற்றவே கூடாது. காற்று அதட்டினால் கயிற்றை நழுவ விடுங்கள். பாய் படபடக்கும், வள்ளம் நிமிரும். அந்த ஒரு செயலைத் தெரிந்துகொண்டாலே பயம் பாதி போய்விடும்.

போகும் திசையையும் கேளுங்கள். முதலில் காற்றுக்கு எதிராக, கரையோடு, மெல்ல மெல்ல வளைந்து போய், திரும்பும்போது காற்றோடு வருவது நல்லது. களைத்த பிறகு வீட்டுப்பக்கம் காற்று தள்ளிவிடும். சோளகம் பத்து மணிக்கு மேல் வலுக்கும். அதற்குள் கரையேறிவிடுங்கள்.

என் மகள் முதல் தரம் பாய்க்கயிற்றைப் பிடித்த அன்று, மோட்டார் இல்லாமல் வள்ளம் நகர்வதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. தண்ணீர் வள்ளத்தின் அடியில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அப்பா, இது மூச்சு விடுது" என்றாள்.

திரும்பல்

பின்னேரம் மூன்றரைக்கு எல்லாவற்றையும் கட்டுங்கள். சாம்பலை மணலால் மூடி, குப்பையைக் காரில் ஏற்றுங்கள். பழைய காரின் முன்விளக்கு மங்கல். இருட்டினால் ஏ-34 இல் யானை வரலாம், எல்லா வீதியிலும் மாடுகள் படுத்திருக்கும். கறுத்த மாடு பத்து யார் தூரத்துக்குக் கிட்ட வரும் வரைக்கும் தெரியாது. ஆறு மணிக்கு முன் ஏ-9 ஐ எட்ட வேண்டும். ஏதும் நடந்தால் அம்புலன்ஸுக்கு 1990, பொலிசுக்கு 119.

வட்டுவாகல் பாலம் ஒடுங்கியது. எதிரே வாகனம் வந்தால் காத்து நின்று விடுங்கள். நந்திக்கடலைப் பார்த்துக்கொண்டு நிற்க அதைவிட நல்ல இடம் இல்லை. அதைத் தாண்டினால் முள்ளிவாய்க்கால். 2009 வைகாசியில் அங்கே என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். நாங்கள் காரில் பாட்டை நிறுத்திவிட்டு, மெதுவாக, பேசாமல் ஓடுவோம். பிள்ளைகள் ஏன் என்று கேட்டார்கள், மாமி சொன்னார். மே 18 ஐ ஒட்டிய நாட்களில் இந்தப் பக்கம் உல்லாசப் பயணமாக வராதீர்கள், விளக்கேற்ற வாருங்கள்.

வீடு வந்ததும் படுத்துவிடத் தோன்றும். படுங்கள், ஆனால் மறுநாள் காலமை காரின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவாமல் வேலைக்குப் போகாதீர்கள். உப்புக்காற்றும் ஈர மணலும் சில்லு வளைவுகளுக்குள்ளும், கதவின் கீழ் விளிம்பிலும், ஜக் வைக்கிற இடத்திலும் ஒட்டியிருக்கும். மைனரில் துரு தொடங்குவது அந்த இடங்களில்தான். குழாயை அடியில் விட்டு, ஓடுகிற தண்ணீர் நாக்கில் உப்புக் கரிக்காத வரைக்கும் கழுவி, கதவுகளைத் திறந்து வெயிலில் காயவிடுங்கள். காய்ந்தபின் அந்த ரன்னியன்களுக்கு இன்னொரு தரம் கிறீஸ் அடியுங்கள்.